தெருத் தொடர்பும் நகர விரிவும்: அளந்தறியும் முறை

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில், பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், கிணற்றுத் தோட்டங்களும் மானாவாரிக் காடுகளும் வீட்டுமனைகளாக மாறிவருவதை நமது வாசகர்கள் நன்கறிவார்கள். நிலத்தை விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் குடும்ப நிலைமையையும் கிணற்று நீரையும் பொறுத்த விஷயம். அதைக் குறித்து இக்கட்டுரை யாதொரு யோசனையும் கூற முன்வரவில்லை. ஆனால் ஒரு பூமி மனையாகும்போது அதன் ஊடே வகுக்கப்படும் தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது விற்றவரையும் வாங்கியவரையும் மாத்திரம் பொறுத்த விஷயமன்று. அயல் தோட்டக்காரருக்கு வண்டிவழி நிற்குமா, மழைநீர் பள்ளத்துக்குப் போய்ச் சேருமா, பால் வண்டியும் பள்ளிக்கூட வண்டியும் நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியும் எவ்வளவு தூரம் சுற்றவேண்டும் என்பன யாவும் அந்த ஒரு கோட்டினால் தீர்மானமாகின்றன. வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவின் போக்கையோ, இருபுறமும் பத்திரம் பதிவான பின்னர் மாற்றுவது பெரும்பாலும் இயலாத காரியம். ஆகையால், தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்துள்ளன என்பதைக் கிராமப் படத்தையும் பென்சிலையும் கொண்டே அளந்தறியும் முறையையும், அவ்வளவையினால் நிலச்சொந்தக்காரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உண்டாகும் அனுகூலங்களையும் கீழே விவரிப்போம்.

நகரம் விரிந்த விதம்

கோயம்புத்தூர் 1866ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரும்பத் திரும்பத் தோன்றிய பிளேக் நோய், நெருக்கமான பழைய பேட்டைகளை விட்டு ஜனங்கள் வெளியே குடியேறக் காரணமாயிற்று. அதன் பின்னர் மேற்கே இரத்தினசபாபதிபுரம் நேரான தெருக்களோடு வகுக்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின; சாலையோரக் கிராமங்கள் பல ஆலை ஊர்களாயின. பெரியநாயக்கன்பாளையத்திற்கு, 1873இல் திறக்கப்பட்ட மேட்டுப்பாளையம் ரயில்பாதையின் வசதி முன்னரே இருந்தது. 1930இல் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் பிற்பாடு இவ்வூரில் நிலைபெற்றது. 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவப்பட்டது. கல்வியும் தொழிலும் ஒருங்கே வந்த ஊரில் மனைகளுக்குக் கிராக்கி ஏற்பட்டதில் வியப்பில்லை.

கோயம்புத்தூர் 1981இல் மாநகராட்சியாயிற்று. அப்போது சுமார் 105 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் விஸ்தீரணம், 2011இல் கவுண்டம்பாளையம், துடியலூர், வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி, குறிச்சி, குனியமுத்தூர் முதலிய ஊர்கள் சேர்க்கப்பட்டபோது ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. பெரியநாயக்கன்பாளையம் அவ்விரிவில் சேராமல் பேரூராட்சியாகவே நின்றது. எனினும் நகரத்தின் வீடுகள் நகராட்சி எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

ஜனத்தொகைக் கணக்கும் இதனையே காட்டுகிறது. மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 2001இல் சுமார் 9.3 இலட்சம் பேர் இருந்தனர், 2011இல் 10.5 இலட்சம் பேர். அதே பத்தாண்டுகளில் சுற்றுப்புறங்களையும் சேர்த்த நகர்த்தொகுதியின் ஜனத்தொகை 14.6 இலட்சத்திலிருந்து 21 இலட்சத்துக்கு மேல் சென்றது. அத்தொகுதியின் எல்லையே இடையில் விரிவடைந்ததைக் கணக்கில் கொண்டாலும், வளர்ச்சியின் பெரும்பங்கு நகரின் வெளிவட்டத்தில், அதாவது நேற்றுவரை விளைந்த பூமிகளில், நிகழ்ந்தது என்பது தெளிவு.

நகரம் வளர்வது தவறன்று. அது எவ்விதம் வளர்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. பழைய ஊரை ஒட்டி, தெருவோடு தெரு சேர்ந்து வளர்வது ஒரு வகை. இங்கொரு காடும் அங்கொரு தோட்டமுமாக, இடையிலுள்ள பூமிகளைத் தாண்டித் தாண்டி, ஒன்றுக்கொன்று வழியின்றிச் சிதறி வளர்வது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் பெருஞ்சாலை ஒன்றே வழியாகிறது. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், அவினாசி, திருச்சி, பொள்ளாச்சி, பாலக்காடு ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் வெளியே ஓடுகின்றன. ஓர் ஆரக்காலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, துடியலூர்-சரவணம்பட்டிச் சாலை போன்ற சில குறுக்கு வழிகளே உள்ளன. மைல்கல்லிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மேற்குப் புறவழிச்சாலை, இக்குறையில் ஒரு பகுதியை நீக்கும் நோக்கமுடையது. ஆனால் பெருஞ்சாலைகளும் மேம்பாலங்களும் சிறு தெருக்களின் வேலையைச் செய்ய மாட்டா. நரம்பு எவ்வளவு பருத்திருந்தாலும், தசை முழுவதும் இரத்தம் பரவ நுண்குழாய்கள் வேண்டும்.

சந்திகளைக் கொண்டு அளத்தல்

தெருத் தொடர்பை அளக்க அயல்நாட்டுக் கலைச்சொல் எதுவும் நமக்குத் தேவையில்லை. முட்டுச்சந்து, முச்சந்தி, நாற்சந்தி என்னும் நமது சொற்களே போதும். முட்டுச்சந்து என்பது ஒரே வழியுடைய முனை. முச்சந்தியில் மூன்று வழிகளும், நாற்சந்தியில் நான்கு வழிகளும் கூடுகின்றன. ஒரு தெரு வெறுமனே வளைந்து செல்லும் இடம் சந்தி ஆகாது. அதை எண்ண வேண்டியதில்லை. இவ்வடிப்படையில் மூன்று அளவைகள் எடுக்கலாம்.

முதலாவது, சராசரிச் சந்தி எண். முட்டுச்சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4 என்று மதிப்பிட்டுக் கூட்டி, மொத்த முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். நாற்சந்திகளே நிறைந்த பேட்டையில் இது 4ஐ நெருங்கும். முட்டுச்சந்துகள் மிகுந்த இடத்தில் 2ஐ நோக்கி இறங்கும்.

இரண்டாவது, முட்டுச்சந்துகளின் விகிதம். நூறு முனைகளில் எத்தனை முட்டுச்சந்து என்பதை இது காட்டும்.

மூன்றாவது, சுற்றுவழி விகிதம். ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தெரு வழியே நடக்கும் தூரத்தை, பறவை பறக்கும் நேர்த்தூரத்தால் வகுக்க வேண்டும். விகிதம் 1 ஆனால் சுற்றே இல்லை. நேர்த்தெருக்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் பேட்டையில், மூலைக்கு மூலை சென்றாலும் இது ஏறத்தாழ 1.4ஐத் தாண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வது நலம். தெரு நேராக இருப்பது வேறு, இணைந்திருப்பது வேறு. நமது ஊர் நத்தங்களில் உள்ள சந்துகள் கோணலாக இருப்பினும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி உண்டு. கோயில் வாசலுக்கு நான்கு திசையிலிருந்தும் வந்து சேரலாம். புதிய மனைப்பிரிவுகளின் தெருக்களோ அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் நேராக ஓடி, மதிற்சுவரில் முட்டி நின்றுவிடுகின்றன. பார்வைக்கு முன்னது ஒழுங்கீனம், பின்னது ஒழுங்கு. அளந்து பார்த்தால் முன்னதே மேலானதாக இருக்கக்கூடும்.

ஓர் உதாரணம்

கணக்கைத் தெளிவாக்க, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பூமிகளை வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 10 சங்கிலி நீளமும் 10 சங்கிலி அகலமும் உடையது. சங்கிலி ஒன்றுக்கு 66 அடி ஆகையால் பக்கம் 660 அடி. பரப்பு சரியாக 10 ஏக்கர். இரண்டுக்கும் தெற்கே பெருஞ்சாலை ஓடுகிறது. ஒவ்வொரு பூமியிலும் சாலையிலிருந்து வடக்கு நோக்கி நடுத்தெரு ஒன்று 600 அடி செல்கிறது. அதைக் குறுக்கிட்டு 120 அடிக்கு ஒன்றாக ஐந்து குறுக்குத் தெருக்கள் கிழக்கு மேற்காக எல்லையிலிருந்து எல்லைவரை ஓடுகின்றன. தெருக்கள் யாவும் 30 அடி அகலம். இவ்வகையில் பூமியின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தெருவுக்குப் போகும்.

குறுக்குத் தெருக்கள் எல்லைச் சுவரில் முட்டி நிற்குமானால், ஒரு பூமியின் கணக்கு வருமாறு: பெருஞ்சாலையில் சேருமிடம் முச்சந்தி 1, நடுத்தெருவில் நாற்சந்தி 4, வடகோடியில் முச்சந்தி 1, குறுக்குத் தெருக்களின் இரு முனைகளிலும் முட்டுச்சந்து 10. மொத்த முனைகள் 16. மதிப்புகளின் கூட்டுத்தொகை 3 + 16 + 3 + 10 = 32. சராசரிச் சந்தி எண் 2.0. நூற்றுக்கு 62க்கு மேற்பட்ட முனைகள் முட்டுச்சந்துகள். இரண்டு பூமிகளையும் சேர்த்தால் 32 முனைகள், அவற்றில் 20 முட்டுச்சந்துகள்.

இப்போது நடுவேயுள்ள பொது எல்லையில் மாத்திரம் சுவரை நீக்கி, ஐந்து குறுக்குத் தெருக்களையும் நேருக்கு நேர் சேர்த்துவிடுவோம். பத்து முட்டுச்சந்துகள் மறைகின்றன. எஞ்சுவன 22 முனைகள், கூட்டுத்தொகை 54, சராசரி ஏறத்தாழ 2.45. முட்டுச்சந்து விகிதம் நூற்றுக்கு 45 ஆகக் குறைகிறது. மற்றத் திசைகளிலுள்ள அயலாரும் அவ்வாறே சேர்த்துக்கொண்டு போனால் முட்டுச்சந்துகள் அற்று, எண் படிப்படியாக 4ஐ நோக்கி உயரும். இதற்காக எந்தச் சொந்தக்காரரும் ஒரு சென்ட் நிலமேனும் அதிகமாக விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெருவின் நீளமும் அகலமும் முன்போலவே உள்ளன. மாறியது தெருவின் முனை மாத்திரமே.

சுற்றுவழிக் கணக்கு இன்னும் தெளிவாக உணர்த்தும். மேற்குப் பூமியின் ஐந்தாம் குறுக்குத் தெருவில், பொது எல்லைக்கு 30 அடி இப்பால் ஒரு வீட்டு வாசல். கிழக்குப் பூமியின் ஐந்தாம் குறுக்குத் தெருவில், 30 அடி அப்பால் மற்றொரு வீட்டு வாசல். இடைத்தூரம் 60 அடி. கூப்பிட்டால் குரல் கேட்கும். சுவர் இருக்கும்போது ஒருவர் மற்றவர் வீட்டுக்குச் செல்ல, 300 அடி நடந்து நடுத்தெருவை அடைந்து, 600 அடி தெற்கே இறங்கி, பெருஞ்சாலையில் 660 அடி சென்று, மீண்டும் 600 அடி ஏறி, 300 அடி திரும்ப வேண்டும். ஆக 2,460 அடி, அதாவது முக்கால் கிலோமீட்டர். சுற்றுவழி விகிதம் 41. இத்தூரத்தில் ஒரு பகுதி லாரிகளும் பேருந்துகளும் விரையும் பெருஞ்சாலை. இரண்டு வீட்டுக் குழந்தைகள் சேர்ந்து விளையாட வேண்டுமானாலும் பெருஞ்சாலைக்கு இறங்கியே ஆக வேண்டும். இவ்விதம் நூற்றுக்கணக்கான சிறு பிரயாணங்கள் பெருஞ்சாலைக்குத் தள்ளப்படுவதே அங்கே நெரிசல் உண்டாவதற்கு ஒரு முக்கிய காரணம்.

பூமிகள் யாவும் இவ்வாறு சதுரமாக இருப்பதில்லை என்பதும், கிணறும் பாறையும் பள்ளமும் குறுக்கிடும் என்பதும் உண்மையே. கணக்கின் முறை மாத்திரம் எல்லா வடிவத்துக்கும் ஒன்றே.

உலக அனுபவம்

இவ்வளவைகள் உலகம் முழுவதுக்கும் எடுக்கப்பட்டுள்ளன. கிறிஸ்டபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப் படத்திலுள்ள தெருக்கள் அனைத்தையும், செயற்கைக்கோள் வழியே அறியப்பட்ட நகர வளர்ச்சிக் காலங்களோடு பொருத்தி, தெருத் தொடர்பின்மைக்கு ஒரு குறியீட்டு எண் வகுத்தனர். 2020இல் வெளியான அவர்களது முடிவுகள் கவனிக்கத்தக்கவை. ஜனத்தொகை மிகுந்த 134 நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு நாடுகளில், 1975க்குப் பின் அமைந்த புதிய தெருக்கள் முன்னவற்றைவிடத் தொடர்பு குறைந்தனவாகவே அமைந்து வந்துள்ளன. 2000க்குப் பின்னர் சீர்பட்டு வருவன நூற்றுக்கு 29 நாடுகளே. மதில் சூழ்ந்து வாயிற்காவல் வைத்த குடியிருப்புகளுக்குரிய சுற்றுவழித் தெருவகை, அக்காலத்தில் ஏறக்குறைய இருமடங்காகியுள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்கத்தில் தொடர்பு குறைந்த ஊர்கள் பின்னும் அவ்வாறே வளர்ந்து வந்துள்ளன என்று அவர்கள் கண்டனர். முதல் தெரு விழுந்த வழியையே அடுத்த தெருவும் பின்பற்றும் என்பது இதன் பொருள்.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. அமெரிக்க நாட்டில் முட்டுச்சந்து மிகுந்த குடியிருப்புகள் பல ஆண்டுகள் பெருகி, 1994ஐ ஒட்டி உச்சத்தை அடைந்து, பின்னர் குறையத் தொடங்கின என்று அவ்விருவரும் 2015இல் எழுதினர். அந்நாட்டு ஊர்கள் சில, புதிய மனைப்பிரிவுகளில் இத்தனை முனைகளுக்கு இத்தனை தெருத்துண்டுகள் இருக்க வேண்டுமென்று விதியே செய்துள்ளன.

பயிர்த்தொழில் செய்வோருக்கு ஜப்பானின் வரலாறு மிகவும் பொருந்தும். அங்கே 1899இல் விளைநிலச் சீரமைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சிறு சிறு துண்டுகளாகக் கிடந்த வயல்களைச் சொந்தக்காரர்கள் ஒன்றாகச் சேர்த்து, வரப்புகளை நேராக்கி, ஒவ்வொரு வயலுக்கும் வாய்க்காலும் வண்டிவழியும் கிடைக்குமாறு மறுபடியும் பகிர்ந்துகொள்வதே அதன் முறை. நெல் வயலுக்கு ஏற்பட்ட இம்முறையை 1919இல் நகரமைப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. அந்நாட்டு நகரங்களின் வெளிப்பகுதிகளில் தெருக்கள் நன்கு இணைந்திருப்பதற்கு இது ஒரு காரணம். நமது நாட்டிலும் 1915ஆம் வருஷத்துப் பம்பாய் நகரமைப்புச் சட்டத்தின் வழியே இம்முறை நுழைந்து, குஜராத்தில் இன்றும் வழங்குகிறது. அங்கே பல பட்டாதாரர்களின் நிலங்களைச் சேர்த்து, சாலைக்கும் பொதுவிடத்துக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, எஞ்சியதைச் சீரான மனைகளாக அவரவர்க்கே திருப்பித் தருகிறார்கள். நிலத்தின் அளவு குறையும். ஒவ்வொரு துண்டுக்கும் சாலை முகப்புக் கிடைப்பதால் மதிப்பு உயரும்.

கோயம்புத்தூரின் பழைய பேட்டைகளும் புதிய பிரிவுகளும்

தூர தேசத்து உதாரணங்களை விடுத்து நமது நகரத்திலேயே காணலாம். இரத்தினசபாபதிபுரத்தில் திவான் பகதூர் சாலையும் திருவேங்கடசாமி சாலையும் அவற்றைக் குறுக்கிடும் தெருக்களும், காந்திபுரத்தில் கிராஸ்கட் சாலையை ஒட்டிய எண்ணிட்ட வீதிகளும், ஒரு தெரு அடைபட்டாலும் மறு தெரு வழியே செல்லும் வசதியுடையவை. வீடுகளாக இருந்த இடங்கள் கடைகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறியபோதும் அத்தெருக்கள் ஒருவாறு தாக்குப்பிடித்தன. ஒரு பேட்டை முழுவதையும் ஒரே படத்தில் வகுத்ததன் பலன் அது.

பின்னாளில் எழுந்த மனைப்பிரிவுகள் அவ்வாறன்று. ஒவ்வொரு சர்வே எண்ணும் தனித்தனியே விற்கப்பட்டு, தனித்தனியே வகுக்கப்படுகிறது. நான்கு ஏக்கர் உடைய ஒருவர் இவ்வாண்டும், அவருடைய அயலார் ஐந்தாண்டு கழித்தும் விற்கிறார்கள். முன்னவர் தெருவைக் கிழக்கு மேற்காகவும் பின்னவர் வடக்குத் தெற்காகவும் போட்டால், இரண்டும் என்றைக்கும் சேரா. 1971ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் முழுமைத் திட்டத்துக்கும், பகுதி பகுதியாகத் தெருக்களை வகுக்கும் விரிவான வளர்ச்சித் திட்டத்துக்கும் இடமுண்டு. பத்திரிகைகளில் ‘திட்டச்சாலை’ என்று குறிக்கப்படுவது பின்னதில் வகுத்த சாலையே. கோயம்புத்தூருக்கு 1994இல் முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஆனால் படத்திலுள்ள சாலை பூமியில் விழுவதற்குள், இடையில் வீடுகள் எழுந்துவிடுவதுண்டு.

அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்ததும், 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் வாசகர்கள் அனுபவத்தில் அறிந்தவை. அதனால் மனை வாங்கியோருக்கு உரிமைத் தெளிவு கிட்டியது. எனினும் வரன்முறைப்படுத்துதல் பத்திரத்தைச் சீர்செய்யுமேயன்றி, ஏற்கெனவே முட்டி நிற்கும் தெருவைத் திறந்துவிடாது.

பயிர்த்தொழிலுக்கு நேரும் நஷ்டம்

தெருத் தொடர்பு அற்றுப்போவதால் முதலில் துன்புறுவோர், நிலத்தை விற்காமல் பயிர் செய்து வருவோரே. கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கிடையே இருபுறமும் கிளுவை வேலி சூழ்ந்த இட்டேரிகள் உள்ளன. வண்டியும் மாடும் ஆளும் செல்ல அவையே பழைய தெருக்கள். ஊரை ஊரோடும், தோட்டத்தைத் தோட்டத்தோடும், மேய்ச்சலைக் கிணற்றோடும் இணைத்த வலை அது. அவற்றிற் சில கிராமப் படத்தில் பாதைப் புறம்போக்காகத் தனி எண்ணுடன் காணப்படும். வேறு சில பட்டா நிலத்தின் ஊடே வழக்கத்தினால் மாத்திரம் ஏற்பட்டவை. ‘மாமூல் தடம்’ என்று பழைய பத்திரங்களில் குறிக்கப்படுபவை இவையே. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் நீங்கியபின், எந்தத் தடம் யாருக்கு என்று நினைவால் சொல்வோரும் குறைந்துவிட்டனர்.

மனைப்பிரிவுக்கு மதில் எழும்போது மாமூல் தடம் அடைபடுகிறது. அப்பால் உள்ள தோட்டக்காரர் டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் கொண்டுசெல்ல வழியின்றி, வாழையையும் தேங்காயையும் தலைச்சுமையாக வெளியே கொண்டுவரும் நிலைமைக்கு ஆளாகிறார். வழியில்லாத பூமிக்கு விலையும் இல்லை. கடைசியில் வழியை அடைத்தவர் கேட்ட விலைக்கே அதைக் கொடுத்துவிட நேரிடும். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் தடையின்றியும் வெளிப்படையாகவும் உரிமையுடனும் அனுபவித்த வழிநடைப் பாத்தியத்தைக் கோர்ட்டில் நிலைநாட்டலாம். ஒரே பூமி பாகம் பிரிந்து ஒரு துண்டுக்கு வழியே இல்லாமற்போனால், அவசியம் பற்றிய உரிமையும் உண்டு. ஆனால் கோர்ட்டுக்குச் செல்வதைவிட, முன்கூட்டியே பத்திரத்தில் எழுதிக்கொள்வது செலவும் மனத்தாங்கலும் குறைந்த வழி.

இரண்டாவது நஷ்டம் நீர்ப்போக்கு. குருடிமலையில் தோன்றும் கௌசிகா நதி இடிகரை, கோவில்பாளையம் வழியாகச் சென்று நொய்யலில் சேர்கிறது. அதற்கு நீர் கொணரும் சிறு பள்ளங்கள் பல. அவை பெரும்பாலான மாதங்களில் வறண்டிருப்பதால், மனை வகுப்போருக்கு அவை வெறும் குழிகளாகத் தோன்றுகின்றன. தெருக்கள் பள்ளத்தை ஒட்டி ஓடித் தகுந்த இடங்களில் பாலத்தால் கடக்குமானால் நீருக்கும் மனிதருக்கும் வழி கிடைக்கும். பள்ளத்தை மூடி மனையாக்கினால், ஐப்பசி மழையில் நீர் தெருவையே பள்ளமாக்கிக்கொள்ளும். அல்லது மேற்புறத்துத் தோட்டத்தில் தேங்கிப் பயிரை அழுகச் செய்யும்.

சில ஆட்சேபங்கள்

முட்டுச்சந்தில் வாகன இரைச்சல் இல்லை, குழந்தைகள் பயமின்றி விளையாடலாம், அயலார் நடமாட்டம் குறைவு என்று கூறுவோர் உண்டு. இவை மெய்யான அனுகூலங்களே. ஆனால் அவற்றைப் பெற வழியை அடியோடு அடைக்க வேண்டியதில்லை. தெருமுனையில் கல்தூண்கள் நட்டுக் காரும் லாரியும் புகாமல் தடுத்து, நடப்போருக்கும் சைக்கிளுக்கும் வழிவிட்டால் அமைதியும் கிடைக்கும், தொடர்பும் அறாது. அவசரக் காலத்தில் தூணைக் கழற்றி ஆம்புலன்ஸையும் விடலாம். மதிலைப் பின்னர் இடிப்பது கடினம். தூணை நீக்குவது எளிது.

தெருவைத் திறந்துவிட்டால் அயல் பூமிக்காரர் தம் செலவில்லாமல் இலாபமடைவாரே என்பது மற்றோர் ஆட்சேபம். அவரும் தம் தெருவைத் திறந்துவிடும்போது இலாபம் இருவருக்கும் பொதுவாகிறது. இரண்டு வழியுள்ள மனைக்கும் ஒரு வழியுள்ள மனைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, மனை வாங்குவோர் நன்கறிவர்.

சந்தி எண் ஒன்றையே வேதவாக்காகக் கொள்வதும் தவறு. எண் உயர்ந்திருந்தும் நடைபாதையும் நிழலும் விளக்கும் இல்லாவிடில் தெரு பயன்படாது. மலையடிவாரத்தில், காட்டு விலங்குகள் நடமாடும் இடங்களில், தெருக்களே இல்லாதிருப்பது நலம். எங்கே தெரு வேண்டும் என்று தீர்மானித்த பிறகே, அது எவ்வாறு இணைய வேண்டும் என்னும் கேள்வி எழுகிறது.

நிலச்சொந்தக்காரர்கள் செய்யத்தக்கவை

1. பூமியை விற்கவோ பாகம் பிரிக்கவோ உத்தேசிப்போர், முதலில் புலப்படத்தையும் கிராமப் படத்தையும் வாங்கி, தமது எல்லையைத் தொடும் பாதை, இட்டேரி, பள்ளம் ஆகியவற்றை வர்ண மையால் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒவ்வொரு பங்குக்கும் தடம் எது, அதன் அகலம் எவ்வளவு, டிராக்டரும் லாரியும் செல்லலாமா என்பதை அளவுகளுடன் எழுத வேண்டும். ‘மாமூல்படி’ என்று மாத்திரம் எழுதுவது பேரன்மார்களுக்கு வழக்கை எழுதி வைப்பதாகும்.

3. மனைப்பிரிவுக்கு உடன்பாடு செய்யும்போது, குறைந்தது ஒரு தெருவேனும் ஒவ்வொரு அயல் எல்லையிலும் திறந்த முனையாக நிற்க வேண்டும் என்று நிபந்தனை எழுதலாம். அயலாரின் பிரிவு ஏற்கெனவே இருந்தால் அதன் தெருவுக்கு நேராகவே தம் தெருவை வகுக்கச் செய்ய வேண்டும்.

4. அடுத்தடுத்த பட்டாதாரர்கள் நால்வர் ஐவர் கூடி, விற்பனை வெவ்வேறு காலங்களில் நடந்தாலும் தெருப்படம் ஒன்றாக இருக்குமாறு முன்கூட்டியே ஒரு வரைபடம் செய்துகொள்வது மிகவும் உசிதம். கிணற்று நீரைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த நமக்கு இது கடினமன்று.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

1. கிராம நிர்வாக அதிகாரியும் உள்ளாட்சி மன்றத்தாரும், மனைகளாக மாறிவரும் பகுதிக்கு ஒரு சதுர கிலோமீட்டர் அளவில் படம் எடுத்து, மேற்கண்டவாறு சந்திகளை எண்ணி, எண்ணைத் தேதியுடன் பதிந்து வைக்கலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தால் ஊர் எத்திசையில் செல்கிறது என்பது விளங்கும். ஒருநாள் வேலைக்குமேல் ஆகாது.

2. பாதைப் புறம்போக்குகளையும் ஓடைப் புறம்போக்குகளையும் ஸ்தலத்தில் சென்று பார்த்து, அடைபட்டவற்றைப் பட்டியலிட வேண்டும். வழக்கத்திலுள்ள மாமூல் தடங்களை முதியோர் முன்னிலையில் குறித்து வைத்தல் பிற்காலத்துக்குப் பெரிதும் பிரயோஜனப்படும்.

3. புதிய மனைப்பிரிவின் தெருக்கள் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படும்போது, அத்தெருவின் முனை எல்லைவரை செல்கிறதா, அல்லது முனையில் ஒரு சாண் நிலத்தைத் தனியே நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்பதை அளந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு சாண் துண்டே பிற்பாடு அயல் பூமியின் வழியை முற்றிலும் மறிக்கும்.

4. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் ஆகியவற்றுக்குப் பல வீடுகளிலிருந்து சுற்றுவழி விகிதம் கணக்கிட்டு, 2க்கு மேற்பட்ட இடங்களில் ஒரு சிறு நடைவழியேனும் திறக்க முடியுமா என்று ஆராயலாம். பத்தடி அகலமுள்ள ஒரு சந்து, சில இடங்களில் ஒரு புதிய சாலைக்கு நிகரான பயன் தரும்.

நமது முன்னோர் வகுத்த இட்டேரிகள், அவற்றை வகுத்தவர்கள் மறைந்து பல தலைமுறைகள் ஆகியும் இன்றும் வழியாக நிற்கின்றன. இன்று ஒரு பூமியின் நடுவே போடும் தெருவும் அவ்வாறே நூறாண்டு நிற்கும். விற்கும் நிலத்தின் விலையைச் சென்ட் கணக்கில் பேசி முடிக்கும் நாளில், அதன் தெரு எங்கே போய் முடிகிறது என்ற ஒரு கேள்வியையும் கேட்டு, படத்தில் கைவைத்துப் பார்த்துக் கையெழுத்திடுவார்களானால், ஊருக்கும் பயிருக்கும் அதனால் பெரும் நன்மை உண்டாகும்.